போன் போகுது... ஆனா வரலை!

போன தீபாவளிக்குச் சரியாக ஒன்பது நாள் முன்னாடி, அம்பாசமுத்திரத்தில் இருந்து ஒரு ஆச்சி பஸ் பிடித்து பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு மஞ்சப்பை. உள்ளே வரும் முன்னாடியே அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி: "என்னட்டி, யாவாரத்த நிப்பாட்டிட்டியா?"

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அடுப்பில் அதிரசத்துக்குப் பாகு காய்கிறது, கூடத்தில் முந்திரிக்கொத்து ஆறுகிறது, வீடு முழுக்க எண்ணெய் வாசம். "இல்லையே அத்தை, யாரு சொன்னா?" என்றாள். "யாரு சொல்லணும்? நாலு நாளா போன் போடுதேன். தொடர்பு கொள்ள இயலவில்லைன்னு ஒரு பொம்பளை சொல்லிக்கிட்டே இருக்கா. உடம்புக்கு எதுவும் ஆயிட்டோன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார் ஆச்சி.

அந்த நிமிடமே நான் லேண்ட்லைன் ரிசீவரை எடுத்துப் பார்த்தேன் (லீவுக்கு அன்றைக்குத்தான் வந்திருந்தேன்). டயல் டோன் கணீர் என்று இருந்தது. என் செல்லுக்குப் போட்டேன். உடனே அடித்தது. "போன் நல்லாத்தானே இருக்கு" என்றேன்.

இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் மக்களே. "போன் நல்லாத்தானே இருக்கு" என்று நான் சொன்னதும் தப்பு, அடுத்த மூன்று நாளில் கம்பெனிக்காரர்கள் இரண்டு தடவை சொன்னதும் தப்பு. போன் பாதிதான் நல்லா இருந்தது. நாம் மற்றவர்களைக் கூப்பிடும் பாதி வேலை செய்தது. மற்றவர்கள் நம்மைக் கூப்பிடும் பாதி செத்துக் கிடந்தது. செத்தது தெரியாமலே பதினொரு நாள் ஓடியிருந்தது.

எங்கள் வீட்டுப் பலகார வியாபாரம் ஆச்சி காலத்தில் தொடங்கியது. டின் மேல் ஒட்டும் லேபிளில் லேண்ட்லைன் நம்பர்தான் அச்சடித்திருக்கும். "செல் நம்பர் போடலாமே, வாட்ஸ்அப் இருக்கே" என்று கேட்பீர்கள். அம்மாவிடம் செல் இருக்கிறது, வாட்ஸ்அப்பும் இருக்கிறது. ஆனால் சீர் பலகாரத்துக்கு ஆர்டர் கொடுக்கிற ஆட்கள் வாட்ஸ்அப் பார்ப்பவர்கள் இல்லை. காலண்டர் பின்பக்கத்தில் பேனாவால் எழுதி வைத்த நம்பரைப் பார்த்துப் போன் போடுகிறவர்கள். அந்த நம்பர்தான் எங்கள் கடை. கடைக்குப் போர்டு கிடையாது, ஷட்டர் கிடையாது. நம்பர் அடிக்கவில்லை என்றால் கடை பூட்டியிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

முன்பு அது செம்புக் கம்பியில் வந்த லைன். பிறகு கம்பெனி கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் இழுத்தது. நம்பர் மாறவில்லை, போன் கருவி மாறவில்லை. நெட் வருகிற பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அடாப்டர் டப்பா புதிதாக வந்து உட்கார்ந்தது, அதில் போன் வயரைச் செருகினார்கள். அம்புட்டுதான். அன்றிலிருந்து எங்கள் லேண்ட்லைன் ஒரு இணையத் தொலைபேசி. அம்மாவுக்கு அது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

டெஸ்ட் பண்ணினால் பாஸ், விட்டுவிட்டால் ஃபெயில்

புகார் கொடுத்தோம். மறுநாள் ஒரு அண்ணன் வந்தார். ரிசீவரை எடுத்தார், தன் செல்லுக்குப் போட்டார், அடித்தது. உடனே தன் செல்லில் இருந்து எங்கள் நம்பருக்குப் போட்டார். அதுவும் அடித்தது! "பாருங்கம்மா, ரெண்டும் போகுது வருது" என்று சொல்லிவிட்டுப் போனார். புகார் முடிக்கப்பட்டது என்று எஸ்எம்எஸ் வந்தது. அவர் போய் அரை மணி நேரம் கழித்து நான் போட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரம் நிசப்தம். அப்புறம் அதே பொம்பளை, அதே "தொடர்பு கொள்ள இயலவில்லை".

மறுபடி புகார். வேறொரு அண்ணன். அதே டெஸ்ட், அதே பாஸ், அதே எஸ்எம்எஸ். அம்மா அந்தத் தம்பிக்கு மோர் கொடுத்து, முறுக்கும் கொடுத்து அனுப்பினாள். மண்டை காய்ந்தது எனக்கு.

ஹாஸ்டலில் என் ரூம்மேட் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான். அவனிடம் புலம்பினேன். அவன் கேட்டது ஒரே கேள்வி: "அவங்க டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி உங்க போன்ல இருந்து வெளிய கால் போட்டாங்களா?" ஆமாம் என்றேன். "அப்ப அது டெஸ்டே இல்லடா. போனைத் தொடாம பத்து நிமிஷம் விட்டுட்டு அப்புறம் வெளிய இருந்து போடு" என்றான்.

செய்தோம். ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். வெளியே ஒரு கால் பேசி வைத்து ஒரு நிமிடம் கழித்துப் போட்டால் வீட்டு மணி அடிக்கிறது. இரண்டு நிமிடம் கழித்து அடிக்கிறது. நான்கு நிமிடம் கழித்து அடிக்கவில்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம், அடிக்கவே இல்லை. எத்தனை தடவை செய்தாலும் இதே கதை. பூதம் பிசாசு எதுவும் இல்லை, யாரோ ஒருத்தன் கடிகாரம் பார்த்துக் கதவை மூடுகிறான் என்று புரிந்தது.

கதவை மூடுகிறவன் யார்?

நான் பி.காம். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். டெக்னிக்கல் ஆட்கள் பொறுத்துக்கொள்ளவும் :-)

பழைய செம்புக் கம்பி போனில் எக்ஸ்சேஞ்சில் இருந்து நம் வீடு வரை ஒரு ஜோடிக் கம்பி நேராக வரும். 48 வோல்ட் மின்சாரமும் அங்கிருந்தே வரும். நம்மை யாராவது கூப்பிட்டால் எக்ஸ்சேஞ்ச் அந்தக் கம்பியில் கூடுதல் வோல்டேஜில் மாற்று மின்சாரம் அனுப்பி மணியை அடிக்கும். நம் வீடு எங்கே என்று அது தேட வேண்டியதே இல்லை. கம்பி அறுந்தால் டயல் டோனும் போய்விடும், நமக்கும் உடனே தெரிந்துவிடும்.

இணையத் தொலைபேசி அப்படி இல்லை. பெரும்பாலான சேவைகள் எஸ்ஐபி என்ற முறையில் ஓடுகின்றன. இப்போது பயன்படும் அதன் அடிப்படை விதிகள் 2002 ஜூனில் ஆர்எஃப்சி 3261 என்ற பெயரில் வெளியானவை. இதில் வீட்டு டப்பாதான் கம்பெனியின் சர்வருக்குப் போய் "நான் இன்னார், இந்த முகவரியில் இருக்கிறேன்" என்று பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவுக்குக் காலக்கெடு உண்டு. 3600 நொடி, அதாவது ஒரு மணி நேரம் என்று வைப்பது சகஜம். கெடு முடிவதற்குள் மறுபடி போய்க் கையெழுத்துப் போட வேண்டும். வெளியே கூப்பிடும்போது டப்பா தானாக சர்வரைத் தேடிப் போகிறது, அதனால் பிரச்சினை இல்லை. உள்ளே வரும் காலுக்குத்தான் சர்வர் டப்பாவைத் தேடி வர வேண்டும்.

நடுவில் ரௌட்டர் இருக்கிறது. அதை ஹாஸ்டல் வாட்ச்மேன் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வெளியாள் யாரும் சும்மா உள்ளே வர முடியாது. ஆனால் உள்ளே இருக்கும் பையன் ஒருவன் வெளியே ஆள் அனுப்பினால், அதற்குப் பதில் கொண்டு வருகிறவனை மட்டும் வாட்ச்மேன் உள்ளே விடுவார். அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். நேரம் ஆனால் "நீ யாரு? உன்னை யாரு கூப்பிட்டா?" என்று திருப்பி அனுப்பிவிடுவார். ரௌட்டரில் இந்த வேலைக்குப் பெயர் 'நாட்'. இந்தக் கதவை இரண்டு நிமிடத்துக்குள் மூடக்கூடாது, ஐந்து நிமிடமோ அதற்கு மேலோ திறந்து வைப்பது நல்லது என்று 2007 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 4787 சொல்கிறது. நடைமுறையில் ஒவ்வொரு ரௌட்டரும் ஒவ்வொரு கணக்கு வைத்திருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டுக்கு வாருங்கள். ஆயுத பூஜை ஆஃபரில் அண்ணன் ஒரு புது ரௌட்டர் வாங்கி வந்திருந்தான், மாடிக்கு வைஃபை வரவில்லை என்று. அடாப்டர் டப்பாவின் வயரைக் கம்பெனிப் பெட்டியில் இருந்து பிடுங்கி அதில் செருகிவிட்டான். ஆக இரண்டு வாட்ச்மேன். டப்பா மணிக்கு ஒருதடவைதான் கையெழுத்துப் போடப் போகிறது. கதவோ சுமார் மூன்று நிமிடத்தில் மூடிவிடுகிறது. மிச்சம் 57 நிமிடம் சர்வர் வந்து தட்டினால் திறக்க ஆள் இல்லை.

அதாவது, நாங்களாக யாரையும் கூப்பிடாத ஒரு மணி நேரத்தில் மூன்று நிமிடம் மட்டுமே எங்கள் கடை திறந்திருந்தது. நூற்றுக்கு ஐந்து. இதில் வேடிக்கை என்னவென்றால், கம்பெனியின் திரையில் எங்கள் டப்பா அறுபது நிமிடமும் 'பதிவாகியுள்ளது' என்று பச்சையாகத்தான் தெரிந்திருக்கும். ஏனென்றால் கையெழுத்தின் கெடு ஒரு மணி நேரம். வந்த அண்ணன்மார்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் வெளியே ஒரு கால் போட்டுக் கதவைத் திறந்துவிட்டு, திறந்த கதவு வழியாக உள்ளே வந்து, "கதவு திறந்துதானே இருக்கு" என்றார்கள்.

அப்ப தப்பு உங்க மேலதானே?

ரூம்மேட்டும் இதைத்தான் கேட்டான். ரௌட்டரை வாங்கி வந்தது அண்ணன், வயரை மாற்றியது அண்ணன், கம்பெனி என்ன செய்யும்? நியாயமான கேள்வி. எங்கள் பங்குத் தப்பை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்று விஷயம் யோசித்துப் பாருங்கள்.

ஒன்று: வீட்டில் ரௌட்டர் மாற்றுவது உலகத்தில் யாரும் செய்யாத காரியம் இல்லை. இந்த டப்பாக்களில் 'கீப்-அலைவ்' என்று ஒரு செட்டிங் இருக்கிறது. அரை நிமிடத்துக்கு ஒருதடவை வெளியே ஒரு குட்டிச் செய்தி அனுப்பிக் கதவு மூடாமல் பார்த்துக்கொள்ளும். எங்கள் டப்பாவில் அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. போதாததற்கு, கம்பெனி நெட்வொர்க்கின் எல்லையில் எஸ்பிசி என்ற கருவி வைப்பார்கள். ஒரு டப்பா நாட்டுக்குப் பின்னால் இருக்கிறது என்று அதனால் கண்டுபிடிக்க முடியும். "ஒரு மணி நேரம் வேண்டாம், நிமிஷத்துக்கு ஒருதடவை வந்து கையெழுத்துப் போடு" என்று கெடுவைக் குறைக்கவும் முடியும். நம் வீட்டுக்கு வராமலே அவர்கள் இடத்தில் இருந்தே செய்யக்கூடிய காரியம் இது.

இரண்டு: வீட்டுக்கு வந்து செய்யும் டெஸ்டின் முறையே தப்பு. போனைத் தொடாமல் பத்து நிமிடம் காத்திருந்து வெளியே இருந்து ஒரு கால். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், பத்து நிமிடப் பொறுமை போதும். ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை புகார் முடிக்க வேண்டும் என்று ஓடுகிற ஆளுக்கு அந்தப் பத்து நிமிடத்தை யார் கொடுப்பார்கள்?

மூன்றாவதுதான் எனக்கு ஆறவே இல்லை. அம்பாசமுத்திரம் ஆச்சி நான்கு நாள் போட்ட காலெல்லாம் கம்பெனியின் சர்வர் வரை வந்திருக்கிறது. சர்வர் எங்கள் வீட்டைத் தட்டியிருக்கிறது, பதில் வராமல் சில பல நொடி காத்திருந்து, அப்புறம் அந்தப் பொம்பளையைப் பேச விட்டிருக்கிறது. எந்த நம்பர், எந்தத் தேதி, எத்தனை மணி, எல்லாம் அவர்களுடைய சர்வரைத் தாண்டித்தான் போயிருக்கிறது. எங்கள் நம்பருக்கு வந்த கால்கள் பதினொரு நாளாக வரிசையாகத் தோற்றுக்கொண்டிருக்கின்றன என்பது அவர்களால் ஒரு நிமிடத்தில் எடுத்துப் பார்க்கக் கூடிய விஷயம். எங்களுக்கோ அதை அறிய வழியே கிடையாது. வராத கால் எப்படி இருக்கும் என்று வீட்டில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? போன் சும்மா இருக்கிறது, அவ்வளவுதான். யாரும் கூப்பிடவில்லை போல என்று நினைத்துக்கொள்வோம். அம்மா அப்படித்தான் நினைத்திருக்கிறாள். "இந்த வருசம் ஜனங்க கையில காசு இல்ல போல" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள்.

செல்போனில் இந்த மரியாதை இருக்கிறது. ஸ்விட்ச் ஆஃப் பண்ணி வைத்துவிட்டு மறுபடி ஆன் பண்ணினால், "உங்களுக்கு இன்னாரிடமிருந்து இத்தனை அழைப்பு" என்று எஸ்எம்எஸ் வந்து விழுகிறது. பில் கட்டச் சொல்லி எஸ்எம்எஸ் அனுப்ப எங்கள் செல் நம்பர் கம்பெனியிடம் இருக்கத்தான் செய்கிறது. அதே நம்பருக்கு "உங்கள் வீட்டு லைனுக்கு இன்று ஐந்து அழைப்புகள் வந்து சேரவில்லை, பெட்டியைச் சரிபார்க்கவும்" என்று ஒரு வரி அனுப்ப என்ன செலவாகிவிடும்? முதல் நாளே தெரிந்திருக்கும்.

வராத காலுக்கு வவுச்சர் கிடையாது

ஏன் இப்படி என்று காமர்ஸ் மூளையோடு யோசித்தேன். இணையத் தொலைபேசி பிறந்ததே வெளியே சல்லிசாகக் கூப்பிடத்தான். 1995இல் வோக்கல்டெக் என்ற இஸ்ரேல் கம்பெனி விற்க ஆரம்பித்த மென்பொருளாகட்டும், 2003இல் வந்த ஸ்கைப் ஆகட்டும், எல்லாவற்றுக்கும் கவர்ச்சி "குறைந்த காசில் கூப்பிடலாம்" என்பதுதான். இந்தியாவில் 2002 ஏப்ரலில் அனுமதி வந்தபோதும் கம்ப்யூட்டரில் இருந்து வெளிநாட்டு போனுக்குப் பேசலாம், உள்ளூர் போன் நம்பருக்குப் பேச முடியாது. பிரவுசிங் சென்டர் வாசலில் "நெட் டு போன்" போர்டு தொங்கிய காலம் அது என்று அப்பா சொல்வார். அந்தப் பையன்கள் அங்கிருந்து துபாய்க்குக் கூப்பிடுவார்கள். துபாயில் இருந்து யாரும் அந்த சென்டருக்குக் கூப்பிட மாட்டார்கள். சாதாரண நம்பரோடு முழுமையான இணையத் தொலைபேசிக்கு வழி தெளிவாகத் திறந்தது 2018இல்தான்.

காசுக் கணக்கையும் பாருங்கள். 2003இல் கூப்பிடுகிறவரே கட்டணம் தரும் முறை வந்த பிறகு செல்போனில் இன்கமிங் நமக்கு இலவசமானது. ஆனால் கம்பெனிகளுக்குள் ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது. காலை வாங்கி முடித்துக் கொடுக்கும் கம்பெனிக்கு, கூப்பிட்டவரின் கம்பெனி நிமிடக் கணக்கில் பைசா கொடுக்கும். செல்லில் இருந்து செல்லுக்கு அது 2015இல் 14 பைசா, 2017 அக்டோபரில் 6 பைசா, 2021 ஜனவரி முதல் பூஜ்யம். லேண்ட்லைன் சம்பந்தப்பட்ட கால்களுக்கு டிராய் 2015லேயே பூஜ்யம் ஆக்கிவிட்டது. அதில் தப்பு ஒன்றும் இல்லை, பேச்சு மலிவாகத்தான் ஆக வேண்டும். ஆனால் விளைவு என்ன? எங்கள் வீட்டுக்கு நூறு கால் வந்து சேர்ந்தாலும் ஒன்றுகூட வராவிட்டாலும் கம்பெனியின் வருமானத்தில் ஒரு பைசா வித்தியாசம் கிடையாது. மாத பில் அதேதான். வெளியே போகும் கால் கெட்டால் நாம் உடனே கத்துவோம். உள்ளே வரும் கால் கெட்டால் கத்த வேண்டிய ஆள் லைனுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார், அவர் கம்பெனியின் வாடிக்கையாளரே இல்லை.

நஷ்டம் எங்கள் கணக்கிலும் ஏறவில்லை. முந்தைய தீபாவளிக்கு 74 டின் போனது, போன தீபாவளிக்கு 49. டின் 650 ரூபாய் என்று வைத்தால் 25 டின்னுக்கு 16,250 ரூபாய். இது முழுக்க போனால் வந்த நஷ்டம் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. விலைவாசியும் காரணமாக இருக்கலாம். அதுதான் பிரச்சினையே. வந்து தோற்ற ஆர்டருக்கு ரசீது கிடையாது, வவுச்சர் கிடையாது, பேரேட்டில் எங்கே எழுதுவது? வகுப்பில் 'வாய்ப்புச் செலவு' என்று இரண்டு மார்க் கேள்விக்குப் படித்ததை முதல்முறையாக வீட்டுக் கூடத்தில் பார்த்தேன்.

உங்கள் வீட்டில் இப்படி ஆனால்

நாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

1. முதலில் போனைத் தொடாமல் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு வேறு நெட்வொர்க் செல்லில் இருந்து போடுங்கள். வீட்டு வைஃபையில் இருக்கும் ஆப்பில் இருந்து போட்டுப் பார்ப்பது கணக்கில் சேராது.

2. கூப்பிட்டவர் காதில் என்ன கேட்டது என்று கேளுங்கள். ரிங் போய் வீட்டில் மணி அடிக்கவில்லை என்றால் போன் கருவியில் சத்தம் குறைத்து வைத்திருக்கலாம். ஒரே லைனில் மூன்று நான்கு போன் மாட்டியிருந்தாலும் டப்பாவுக்கு அத்தனை மணியையும் அடிக்கத் தெம்பு இருக்காது. ஒரே ஒரு போனை மட்டும் மாட்டிப் பாருங்கள். எப்போதும் பிஸி என்றால் ஏதோ ஒரு அறையில் ரிசீவர் சரியாக வைக்கப்படாமல் இருக்கலாம். நிசப்தம், பிறகு "தொடர்பு கொள்ள இயலவில்லை" என்றால் கால் டப்பா வரைக்கும் வரவே இல்லை.

3. கால் ஃபார்வர்டிங், டூ நாட் டிஸ்டர்ப் இரண்டும் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் நம்பரைத் தட்டி விளையாடியதில் ஆன் ஆன கதைகள் உண்டு.

4. கரண்ட். பழைய போன் மாதிரி இதற்கு எக்ஸ்சேஞ்சில் இருந்து மின்சாரம் வராது. கரண்ட் போனால் போனும் போகும். யுபிஎஸ்ஸில் ரௌட்டரை மட்டும் மாட்டிவிட்டு டப்பாவை மறந்துவிடாதீர்கள்.

5. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவதற்கும் வரிசை உண்டு. முதலில் ஃபைபர் பெட்டி, இரண்டு நிமிடம் கழித்து ரௌட்டர், அப்புறம் கடைசியாக போன் டப்பா. ஆன் பண்ணின உடனே டெஸ்ட் செய்து சந்தோஷப்பட வேண்டாம். அப்போதுதான் கையெழுத்துப் போட்டிருக்கும், கட்டாயம் பாஸ் ஆகும்!

6. நடுவில் சொந்த ரௌட்டர் இருந்தால் டப்பாவை நேராகக் கம்பெனிப் பெட்டியில் மாட்டிப் பாருங்கள். அது முடியாவிட்டால் ரௌட்டரில் 'எஸ்ஐபி ஏஎல்ஜி' என்று இருப்பதை அணையுங்கள். உதவி செய்கிறேன் என்று எஸ்ஐபி செய்திகளின் முகவரியைத் திருத்திக் குழப்புகிற பேர்வழி அது. டப்பாவில் கீப்-அலைவை ஆன் பண்ணி 30 நொடி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எங்கள் வீட்டில் ஏஎல்ஜியை அணைத்ததில் ஒன்றும் ஆகவில்லை, கீப்-அலைவ் போட்டதும் சரியானது.

7. புகார் கொடுக்கும்போது "போன் வரலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த நம்பரில் இருந்து, எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் போட்டது வரவில்லை என்று மூன்று உதாரணம் கொடுங்கள். பத்து நிமிடம் சும்மா விட்டுத்தான் டெஸ்ட் செய்ய வேண்டும் என்று வருகிறவரிடம் பணிவாகச் சொல்லுங்கள். டாக்கெட் நம்பரைக் குறித்து வையுங்கள். சரிசெய்யாமலே புகாரை மூடிவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம். 2012இல் வந்த டிராய் விதிமுறை இந்த இரண்டு படிகளைத் தந்திருக்கிறது. நேராக டிராய்க்குத் தனிநபர் புகார் எழுதிப் பலன் இல்லை. தொலைபேசி சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் மன்றத்துக்கும் போகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

நாங்கள் மன்றத்துக்கெல்லாம் போகவில்லை. தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது லைன் சரியானது. அன்று சாயங்காலம் முதல் கால் வந்தபோது அம்மா எண்ணெய்க் கையோடு ஓடிப் போய் எடுத்தாள். கடைசி ஐந்து நாளில் வந்த ஆர்டர்தான் அந்த 49இல் பாதிக்கு மேல்.

எனக்கு இன்னமும் உறுத்துவது அந்த மற்ற ஆட்கள். அம்பாசமுத்திரம் ஆச்சி பஸ் ஏறி வந்தார். எல்லோரும் வர மாட்டார்கள். இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, "பாவம், நிப்பாட்டிட்டாங்க போல" என்று காலண்டரில் எங்கள் நம்பரை அடித்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முடியாது. அவர்களுடைய நம்பர்கள் ஏதோ ஒரு சர்வரில் கிடந்திருக்கும். பலகார வியாபாரம் போகட்டும், தனியாக இருக்கும் தாத்தா பாட்டிக்கு வந்த காலாக இருந்தால்? ஆஸ்பத்திரியில் இருந்து ரிப்போர்ட் விஷயமாக வந்த காலாக இருந்தால்?

அதனால் நான் கேட்பது இரண்டே இரண்டுதான். கம்பெனிகள், வந்து சேராத காலை நமக்குச் சொல்ல வேண்டும். உள்ளே வரும் காலை ஒழுங்காக டெஸ்ட் செய்யாமல் புகாரை மூடக் கூடாது. இது நடக்கும் வரை நம் கையில் இருப்பது ஒன்று உண்டு. ஊரில் அம்மா அப்பாவுக்கு நாம் எப்போதும் செல்லில்தானே போடுகிறோம்? மாதம் ஒருதடவை அந்தப் பழைய லேண்ட்லைன் நம்பருக்குப் போட்டுப் பாருங்கள். மணி அடித்தால் நாலு வார்த்தை பேசுங்கள். அடிக்கவில்லை என்றால் மேலே உள்ள 1ஆம் நம்பரில் இருந்து ஆரம்பியுங்கள்.

பி.கு: அண்ணன் இதைப் படிப்பான். புது ரௌட்டரைப் பற்றி வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை அண்ணே. மாடியில் வைஃபை நன்றாகத்தான் வருகிறது :-)